நாயைக் கேட்பது ஒருத்தர், சோறு வைப்பது இன்னொருத்தர்

முதல் நாயை நான் தப்பான இடத்தில் கொடுத்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு முனையில் அட்டைப்பெட்டியோடு விட்டுப்போன நான்கு குட்டிகளில் கடைசியாக மிஞ்சியது அது. மற்ற மூன்றும் ஆண் என்பதால் ஒரே வாரத்தில் போய்விட்டன, இது பெட்டை, யாரும் சீண்டவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் வந்தார், "அய்யோ பாவம், நான் எடுத்துக்கறேன்மா, தோப்புல ஓடி விளையாடட்டும்" என்றார், எனக்குக் கண் கலங்கிவிட்டது, முழுப்பெயர்கூடக் கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து பலாப்பழம் வாங்கப் போன சாக்கில் எட்டிப் பார்த்தால், மோட்டார் கொட்டகைத் தூணில் மூன்றடிச் சங்கிலி, கவிழ்ந்து கிடக்கும் அலுமினியத் தட்டு, எலும்பு தெரிய ஒரு நாய். அந்த மனிதர் கெட்டவர் கிடையாது. வாரத்துக்கு இரண்டு தடவைதான் தோப்புக்கு வருவார், அவ்வளவுதான். தினமும் சோறு வைத்தது அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர், அவருக்கு நாய் என்றாலே பயம், தட்டைக் குச்சியால் தள்ளிவிட்டுப் போய்விடுவாராம். அந்தப் பெரியவரிடம் நான் ஒரே ஒரு தடவை பேசியிருந்தால் போதும், கொடுத்திருக்கவே மாட்டேன்.

அன்றைக்கே அதைத் திருப்பி எடுத்து வந்தேன். அதற்கப்புறம் கடலூரிலும் புதுச்சேரியிலுமாகக் கொஞ்சம் நாய்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறேன், எனக்குப் பின்னால் அமைப்பு எதுவும் இல்லை, ஒரு பின்கட்டும் ஒரு ஸ்கூட்டியும்தான். "அக்கா, ஒரு நாயைக் காப்பாத்திட்டோம், இப்ப என்ன பண்றது" என்று யாராவது போன் செய்துகொண்டே இருப்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அது யாருடைய நாய்?

தெருவில் இருக்கிற எல்லா நாய்க்கும் வீடு தேவை என்று நினைக்காதீர்கள். காதில் 'வி' மாதிரி சின்னதாக வெட்டு இருந்தால் அது கருத்தடை முடிந்து அதே இடத்தில் திரும்ப விடப்பட்ட நாய். 2023-ஆம் ஆண்டு வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதும் அதுதான், அறுவை சிகிச்சை செய்து தடுப்பூசி போட்டு எடுத்த இடத்திலேயே விட வேண்டும். டீக்கடைக்காரர் பன் போடுகிறார், இஸ்திரி வண்டிக்கு அடியில் தூங்குகிறது, தெருவே அதற்கு வீடு என்றால் அதை அப்படியே விடுங்கள். ஐந்து வயது தெருநாயைப் பிடித்து இரண்டாவது மாடி போர்ஷனில் அடைத்தால் அது நமக்குத்தான் புண்ணியம், அதற்குத் தண்டனை.

வீடு தேவைப்படுவது கண் திறந்து சில வாரமே ஆன குட்டிகள், அடிபட்டுக் கால் போனவை, அப்புறம் வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டவை. இந்தக் கடைசி வகையைப் பார்த்தாலே தெரியும்: கழுத்தில் பெல்ட் தடம், சாலையைக் கடக்கத் தெரியாது, ஒவ்வொரு பைக்குக்கும் ஓடிப்போய் ஆளைப் பார்க்கும். ஆனால் அது கைவிடப்பட்டதா, தொலைந்துபோனதா என்று முதலில் பாருங்கள். தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி வந்தவை நிறைய. பால்காரர், பேப்பர் போடும் பையன், கால்நடை மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர், இந்த மூன்று பேரிடம் போட்டோவைக் காட்டுங்கள், வாட்ஸ்அப்பில் நூறு குரூப்பில் போடுவதைவிட வேகமாக விஷயம் போகும். போட்டோவில் எல்லா அடையாளத்தையும் காட்டிவிடாதீர்கள், ஒன்றை மறைத்து வையுங்கள், "வயித்துல வெள்ளையா ஒரு மச்சம் இருக்குமே" என்று அவர்களாகச் சொன்னால்தான் சொந்தக்காரர். பெரிய இன நாயாக இருந்தால் சொந்தக்காரர்கள் திடீரென்று நாலு பேர் முளைப்பார்கள்.

பின்கட்டில் இரண்டு வாரம்

எடுத்த மறுநாளே கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுவோம், ஏனென்றால் வீட்டில் திட்டு விழும். எப்படியாவது இரண்டு வாரம் சமாளியுங்கள். காரணம், பார்வோ. குட்டிகளுக்கு வரும் ரத்த பேதி, நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குட்டி இரண்டே நாளில் போய்விடும். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம், அதற்குள் கொடுத்தால் நாயைக் கொடுக்கவில்லை, நோயைக் கொடுக்கிறீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும், பினாயிலை நம்ப முடியாது, பிளீச்சிங் கரைசல் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் தட்டு, துணி, ஏன் உங்கள் செருப்புகூடத் தனி.

ஊசிக் கணக்கு எளிது. குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் கூட்டு ஊசி (பார்வோ உட்படச் சில நோய்களுக்குச் சேர்த்துப் போடுவது), அப்புறம் மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் ஆகும்வரை மறுபடி. வெறிநாய்க்கடிக்கான ஊசி மூன்று மாதத்தில். பூச்சி மருந்து அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், தாயே இல்லை என்றால் வேறு வழியில்லை, ஆனால் கூடப் பிறந்ததையாவது கூட வையுங்கள், கடித்து விளையாடும்போது எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அவை ஒன்றுக்கொன்றுதான் கற்றுக்கொடுக்கின்றன. பசும்பாலைத் தட்டு நிறைய ஊற்றாதீர்கள், பேதியாகும். சொறிக்குக் கழிவு ஆயில் தடவும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், நக்கி நக்கி வயிற்றுக்குள் போகும், தோலும் வெந்துவிடும். மாட்டுக்குப் போடும் ஊசியைக் கண்ணளவில் போடுகிறவர்களிடமும் போகாதீர்கள். உண்ணி அதிகமாக இருந்து, சோறும் சாப்பிடாமல், ஈறு வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். பெரிய சிக்கல் என்றால் புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடலூரிலிருந்து ஆட்டோ பேசிக்கொண்டுதான் போக வேண்டும், பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.

கருத்தடை செய்துவிட்டுக் கொடுப்பதுதான் நல்லது, பெட்டைக்குக் கட்டாயம். "நாங்களே பண்ணிக்கறோம்" என்பவர்களில் பாதிப்பேர் செய்வதில்லை, அடுத்த வருஷம் அதே அட்டைப்பெட்டி வேறு தெரு முனையில் இருக்கும். ஆறு மாதம் ஆகாத குட்டி என்றால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு நீங்களே கூட்டிப்போய்ச் செய்து கொண்டுவந்து விடுங்கள், ஒரு நாள் அலைச்சல்தான்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். வாய் தொங்கி எச்சில் ஒழுகுகிற, தள்ளாடுகிற, காரணமே இல்லாமல் கண்டதையெல்லாம் கடிக்கிற நாயை நீங்கள் காப்பாற்றப் போகாதீர்கள், கால்நடைத் துறைக்கோ நகராட்சிக்கோ சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனை, ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. குட்டிதானே என்று விடவும் கூடாது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிவதில்லை.

இந்த இரண்டு வாரத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு அதன் குணத்தை எழுதுங்கள். கோழியைப் பார்த்தால் என்ன செய்கிறது, பூனையைப் பார்த்தால், யூனிஃபார்ம் போட்ட ஆளைப் பார்த்தால், தனியாக விட்டால் எத்தனை நேரம் கத்துகிறது, சாப்பிடும்போது தட்டில் கை வைத்தால் உறுமுகிறதா. கோழி பிடிக்கும் நாயைக் கிராமத்தில் கொடுத்தால் ஒரே வாரத்தில் பிரச்சினை வரும், அதே நாய் முத்தியால்பேட்டை மாடி வீட்டில் சமத்தாக இருக்கும்.

விளம்பரம் எழுதுவது

"பாவம், யாராவது எடுத்துக்கோங்க, இல்லைனா செத்துடும்" என்று எழுதினால் பாவம் பார்க்கிறவர்கள்தான் வருவார்கள், பாவம் ஒரு வாரம் தாங்கும். அதனால் அடிபட்ட அன்று எடுத்த ரத்தப் போட்டோவைப் போடாதீர்கள். குளித்து முடித்து, காலை வெயிலில், நீங்கள் தரையில் உட்கார்ந்து நாயின் கண் உயரத்தில் எடுத்த போட்டோ ஒன்று, நின்றால் ஆள் முழங்காலுக்கு எவ்வளவு உயரம் வரும் என்று தெரிகிற மாதிரி ஒன்று. போதும். பெண்ணை என்று நாங்கள் பெயர் வைத்த நாய்க்கு நான் கடைசியாகப் போட்டது இது:

"பெண்ணை. பெட்டை நாட்டு நாய், செம்மண் நிறம், இரண்டு வயது இருக்கலாம். கருத்தடையும் ஊசியும் முடிந்தது. சோறு, முட்டை, தயிர், மீன் எல்லாம் சாப்பிடும். பெரிய பிள்ளைகளோடு பழகும், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம். பூனை ஆகாது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கட்டிப்போட்டு வளர்க்க, காவலுக்கு என்று கேட்பவர்களுக்குத் தர மாட்டேன். கடலூர், புதுச்சேரி மட்டும். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் தருவேன்."

குறைகளை எழுதினால் யாரும் வர மாட்டார்கள் என்று என் தங்கை சொன்னாள். கூட்டம் குறையத்தான் குறையும், அது வேண்டியதுதான். கடலூர், புதுச்சேரி மட்டும் என்பதற்கும் காரணம் உண்டு, ஏதாவது ஆனால் சாயங்காலத்துக்குள் போய் எடுத்துவர முடிகிற தூரம். சேலத்தில் கொடுத்துவிட்டு இங்கே உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்து என்ன செய்ய முடியும்.

போட்ட உடனே வருகிற அழைப்புகளை வைத்தே ஆளை ஓரளவு தெரிந்துகொள்ளலாம். லாப்ரடார் மாதிரி ஏதாவது கிடைத்து விளம்பரம் போட்டால் போன் சூடாகிவிடும், நாட்டு நாய் என்றால் மூன்று அழைப்பு வரும். இன நாய்க்கு அழைப்பவர் முதல் கேள்வியாக "கருத்தடை பண்ணிட்டீங்களா, பேப்பர் இருக்கா" என்று கேட்டு, ஆமாம் பண்ணியாச்சு என்றதும் போனை வைத்தால், குட்டி போட்டு விற்கிறவர் என்று வைத்துக்கொள்ளலாம். கறுப்பு நாய்க்கு இன்னொரு கூட்டம் வரும். சனி திசை நடக்கிறது, ஜோசியர் கறுப்பு நாய் வளர்க்கச் சொன்னார் என்பார்கள். தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு விளக்கு ஏற்றுபவர்கள் நாயை நன்றாகப் பார்த்துக்கொள்வதையும் கண்டிருக்கிறேன், அதனால் உடனே முடியாது என்று சொல்வதில்லை, "திசை முடிஞ்சா நாயை என்ன பண்ணுவீங்க" என்று மட்டும் கேட்பேன். சிரித்துவிட்டு "அதுக்குள்ள அது எங்க வீட்டுப் பிள்ளை ஆயிடும்" என்றவருக்குக் கொடுத்திருக்கிறேன். மௌனமாக இருந்தவருக்குக் கொடுக்கவில்லை.

போனில் யாரிடம் பேசுவது

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் நாய் கேட்பது பெரும்பாலும் பையன், பிளஸ் டூ முடித்த பரிசு, அல்லது புதிதாக வேலைக்குச் சேர்ந்த உற்சாகம். வளர்ப்பது அம்மா. பையன் சிப்காட்டில் ஷிப்டுக்குப் போய்விடுவான், அல்லது சென்னையில் வேலை கிடைத்துப் போய்விடுவான், காலையில் ஆறு மணிக்கு வாசல் தெளிக்கும்போதே காலைச் சுற்றும் நாய் யார் பொறுப்பு? அதனால் "அம்மாகிட்ட கொடுங்க தம்பி" என்று சொல்லிவிடுவேன். "அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க அக்கா" என்று பதில் வந்தால் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

பெண்ணைக்கு அப்படித்தான் ஆனது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது ஞாபகம் இருக்கும், அதற்கு அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது கடலூரில் ஆற்றோரத் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்போது ஒரு மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் இரண்டு நாள் நின்றிருந்தவள் இவள். ஆறு கொண்டுவந்ததால் பெண்ணை என்று பெயர் வைத்தோம். யாரும் தேடி வரவில்லை, பதினைந்து நாள் விசாரித்தும் தெரியவில்லை.

முதலில் கேட்டவர் ஒரு இளைஞர், என்ன கேட்டாலும் "பாத்துக்கலாம் அக்கா, நோ ப்ராப்ளம்" என்றார். ஊருக்குப் போனால்? பாத்துக்கலாம். வீட்டு ஓனர்? பேசிக்கலாம். ராத்திரி கத்தினால்? பழகிடும். கொடுக்கவில்லை. அடுத்து அரியாங்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன், வழக்கம்போல அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அந்த அம்மா எடுத்ததும் சண்டைக்கு வருகிற குரலில், "முடி கொட்டுமா? மழைக்கு எங்க படுக்கும்? நாங்க வருஷம் ஒரு தடவை குலதெய்வம் கோயிலுக்குப் போவோம், அப்ப யாரு பாக்கறது? எனக்கு முட்டி வலி, இழுத்துக்கிட்டு ஓடுமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். பையன் பின்னால் "அம்மா, அம்மா" என்று கெஞ்சுகிறான். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. கேள்வி கேட்கிறவர் மனதுக்குள் நாயை ஏற்கெனவே வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டார், பாத்துக்கலாம் என்கிறவர் இன்னும் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் கேட்பவற்றில் முக்கியமானவை: முன்னால் வளர்த்த நாய் என்ன ஆனது? (வயசாகி, நோய் வந்து, எந்த டாக்டரிடம் காட்டினோம் என்று கதை சொன்னால் நல்லது. "எங்கேயோ போயிடுச்சு", "வண்டில அடிபட்டுடுச்சு, அதுக்கு முன்னாடி இருந்ததும் அடிபட்டுடுச்சு" என்றால் கேட் திறந்தே கிடக்கிற வீடு.) சொந்த வீடா, வாடகையா, வாடகை என்றால் ஓனரிடம் நானே பேசலாமா? அபார்ட்மெண்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது, ஆனால் மாடியில் ஓனர், கீழே போர்ஷன் என்கிற நம் ஊர் வீட்டில் சட்டம் பேசி நாய் வளர்க்க முடியாது, ஓனர் முகம் சுளித்தால் ஆறு மாதத்தில் வீட்டையோ நாயையோ மாற்றுவார்கள், மாற்றுவது நாயைத்தான். அப்புறம் ஒரு கேள்வி, கூச்சப்படாமல் கேளுங்கள்: வீட்டில் யாராவது பிரசவத்துக்கு வரப்போகிறார்களா? மகள் ஏழாம் மாதம் தாய் வீட்டுக்கு வரும்போது "குழந்தைக்கு முடி ஆகாது" என்று நாயை அனுப்பிவிடுவது என் அனுபவத்தில் மிக அதிகமாகத் திரும்பி வந்த காரணம். சைவ வீடு என்றால் யோசிக்க வேண்டாம், தயிர் சாதத்தோடு முட்டைக்கு மட்டும் சம்மதமா, இல்லை என்றால் கடையில் விற்கிற நாய் உணவு வாங்குவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் தயிர் சாதத்தில் நாய் வளராது.

போய்ப் பார்ப்பது

வீட்டைப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது, ஐந்து நிமிடம் போதும். கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி, மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் உண்டா, வெயிலில் நிழல் எங்கே விழுகிறது. மூலையில் துருப்பிடித்த சங்கிலியோ இரும்புக் கூண்டோ கிடந்தால் அதைப் பற்றிப் பேச்சு எடுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு குரல் "இவங்க நாய் வளக்கப் போறாங்களாம், என்ன சொல்றீங்க" என்று கேட்டுப்பாருங்கள், பக்கத்து வீட்டார் மறைக்கவே மாட்டார்கள். நாயையும் ஒரு தடவை கூடவே கூட்டிப்போக முடிந்தால் நல்லது, ஆனால் "வந்ததுதான் வந்தாச்சு, விட்டுட்டுப் போங்க" என்பார்கள், விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து மறுநாள் அவர்களாகக் கூப்பிட வேண்டும்.

முடியாது என்று சொல்ல நமக்கு வராது, அதுவும் பெரியவர்களிடம். "வேற ஒருத்தர் கேட்டிருக்காங்க, அவங்க சொல்றதைப் பொறுத்துதான்" என்று சொல்லிவிடுங்கள். பொய்தான். பரவாயில்லை.

பாண்டிச்சேரிக்கே உரிய சிக்கல்

மூன்று மாதம் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தெருவில் குட்டியைப் பார்த்து எடுத்து வளர்த்துவிடுவார்கள், விசா முடியும் வாரத்தில் எனக்குப் போன் வரும். சோபாவில் தூங்கிப் பழகிய ஆறு மாத நாய், இனி அதற்குத் தெருவும் தெரியாது. அவர்களிடம் கோபப்படாமல் கேளுங்கள், கூட்டிப்போக முடியுமா என்று, பலருக்கு அது சாத்தியம் என்றே தெரியாது. நம் சொல்தா குடும்பங்களிலும் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள் வீடுகளில்) பிரான்ஸில் இருக்கும் மகனிடம் அம்மாவோடு நாயும் போவதுண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு என்றால் வரிசை முக்கியம்: முதலில் மைக்ரோசிப், அதற்குப் பிறகு மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடி ஊசி, ஊசி போட்டு முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து அவர்கள் ஏற்றுக்கொள்ளும் ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு பார்க்க வேண்டும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். சிப் வைக்கும் முன் போட்ட ஊசி கணக்கில் வராது. கூட்டிப் பார்த்தால் குட்டிக்கு ஏழு மாதம் ஆகாமல் விமானம் ஏற முடியாது. கிளம்பும்போது சென்னையில் உள்ள விலங்குத் தடுப்புக்காப்பு நிலையத்தின் சான்றும் வேண்டும். ஆகவே டிக்கெட் எடுத்த பிறகு யோசிக்கிற விஷயம் இல்லை இது, குட்டியை எடுத்த அன்றே சொல்லிவிடுங்கள்.

பேப்பரும் ஒப்படைக்கும் நாளும்

ஒரு பக்கம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, வேண்டாம் என்றால் எத்தனை வருஷம் ஆனாலும் என்னிடமே திருப்பித் தர வேண்டும், நாள் முழுக்கக் கட்டிப்போடக் கூடாது, ஊசி வருஷா வருஷம், நான் எப்போதாவது வந்து பார்ப்பேன். முகவரிச் சான்று ஒரு நகல். கோர்ட்டுக்குப் போகவா போகிறோம், ஆனால் பேனாவைக் கையில் எடுக்கும்போது சிலர் பின்வாங்குவார்கள், அதற்காகத்தான். வளர்ப்பு நாயைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும், தத்து எடுத்த தெருநாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொன்னதையும் அதிலேயே எழுதிவிடுவேன்.

தீபாவளிக்கு முந்தின வாரமும் புத்தாண்டு நேரமும் நாய் கொடுக்கக் கூடாது, வீட்டில் கல்யாணம் காதுகுத்து இருந்தாலும் வேண்டாம். சனிக்கிழமை காலை நல்லது, அடுத்த நாளும் வீட்டில் ஆள் இருப்பார்கள். உங்கள் வீட்டில் அது படுத்த கிழிந்த துணியைத் துவைக்காமல் கொடுத்துவிடுங்கள், மூன்று நாளைக்கு நீங்கள் வைத்த அதே சோறு. முதல் நாள் குளிப்பாட்டாதீர்கள், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், பெயரை மாற்றாதீர்கள் என்று சொல்லுங்கள் (கடைசியை யாரும் கேட்பதில்லை, எல்லா நாயும் மறுநாளே டாமியோ மணியோ ஆகிவிடும்). மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் வீடு என்று ஒரு கணக்கு உண்டு, கிட்டத்தட்டச் சரியாகத்தான் வருகிறது. நாய் தொலைவது பெரும்பாலும் முதல் வாரத்தில், அதனால் கேட் எப்போதும் தாழ், வெளியே போனால் பெல்ட்டோடு மார்பைச் சுற்றியும் ஒரு பட்டை, பெல்ட்டில் போன் நம்பர். செம்மண்டலத்தில் நான் கொடுத்த ஒரு கடுவன் இரண்டாவது ராத்திரி கேட்டைத் தாண்டி, விடியற்காலை என் வீட்டு வாசலில் வந்து படுத்திருந்தான், எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் திட்டுவீர்கள். வழியில் எத்தனை லாரி.

மறுநாள் ஒரு போன், ஒரு வாரத்தில் ஒரு போன், ஒரு மாதத்தில் நேரில். தினமும் போன் செய்து நச்சரித்தால் அவர்களுக்கு அது உங்கள் நாயாகவே இருக்கும். திரும்பி வந்தால் சண்டை போடாதீர்கள், என்ன தப்பாகப் போனது என்று மட்டும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை போட்டால் அடுத்தவர் உங்களிடம் திருப்பித் தராமல் பைபாஸில் இறக்கிவிட்டுப் போவார். தோப்பிலிருந்து கூட்டிவந்த அந்த முதல் பெட்டைக்கு அப்புறம் இடமே பார்க்கவில்லை, இதை எழுதும்போது பின்கட்டில் குறட்டை விடுகிறாள், எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இருந்தால் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் செய்கிறேன், செலவில்லாதது. என்னிடம் நாய் வாங்கியவர்கள் ஊருக்குப் போனால் இரண்டு மூன்று நாள் என் வீட்டில் விட்டுப்போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஊருக்குப் போக முடியவில்லை என்பதற்காகத் திருப்பித் தருவது அதோடு நின்றுவிட்டது. போன மாதம் அரியாங்குப்பத்து அம்மா குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும்போது பெண்ணையை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார், பையன் சென்னைக்கு வேலைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. கூடவே ஒரு தூக்குவாளி. "மீன் தலை வேக வச்சது, முள்ளெல்லாம் எடுத்துட்டேன், ஃப்ரிட்ஜ்ல வை. ராத்திரிக்கு ரசம் சாதம் குடுத்துடாத, அவளுக்கு ஆகாது" என்று என்னிடமே சொல்லிவிட்டு, ஆட்டோவுக்கு மீட்டர் ஓடுகிற மாதிரி அவசரமாகப் போனார்.